முப்பது, அறுபது, தொண்ணூறு

ராமநாதபுரம் கிளையில்
மேலாளர் திரையை என் பக்கம் திருப்பினார்.
மாதங்களின் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள்.
வெகுதூரம் வரை பூஜ்யம், பூஜ்யம்.
அப்புறம்
முப்பது. அறுபது. தொண்ணூறு. நூற்று இருபது.

நான் ஆழமென்று நினைத்துவிட்டேன்.
எங்கள் வடகடலில் எங்கே குண்டை இறக்கினாலும்
எட்டுப் பாகத்துக்குள் சேறு தட்டும்.
நூற்று இருபதுக்கு யார் போனது?
"ஆழமில்லண்ணே, நாள்.
கார்டுக்குக் கட்டாம விட்ட நாள்."

அந்தக் கார்டு
பஸ் ஸ்டாண்டு வாசலில், பெரிய குடையின் கீழ்,
கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் கொடுத்தது.
ஆயுசுக்கும் இலவசம் என்றான்.
ஒரே ஒரு முறை தேய்த்தேன்.
கியர்பாக்ஸ், பதினெட்டாயிரத்து நானூறு.

நெடுந்தீவுக்கு மேற்கே, நவம்பர் இருபத்தேழு,
அந்தக் கியர்பாக்ஸோடு படகையும்
படகோடு எங்கள் ஆறு பேரையும்
கொண்டுபோனார்கள்.
நூற்றுப் பதினாறு நாள் யாழ்ப்பாணத்தில்.
அங்கே ஐந்தாம் தேதி வந்தது.
வந்ததை யாரும் சொல்லவில்லை.

தங்கச்சிமடம் திரும்பிய பத்தாம் நாள்,
ஏப்ரல் இரண்டு,
பெல்சியாவின் சங்கிலியை வைத்து
அபராதம், வட்டி, வட்டிக்கு வரி,
இருபத்து மூவாயிரத்து எழுநூற்று அறுபது
மொத்தமாகக் கட்டினேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
இரண்டு முறை எண்ணினாள்.

இப்போது ஃபைபர் படகுக்குக் கடன் கேட்டால்
ஏப்ரலின் கீழே நூற்று இருபது.

தொலைபேசியில் கேட்டார்கள்:
"உங்கள் பெயர்?"
"சேசடிமை."
"சேஸ்... அடி... மை?"
சேசுவுக்குத்தான் அடிமை, உங்களுக்கில்லை
என்று வாய்வரை வந்தது.
ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று
அதற்குள் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

எழுதினேன்.

ஐயா,
முதல் மூன்று கட்டமும் என்னுடையவை.
நான் கட்டவில்லை. கட்ட முடியாத இடத்தில் இருந்தேன்,
ஆனாலும் கட்டவில்லை.
அதை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.
நாலாவது உங்களுடையது.
அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதாம் நாள் பதில்:
வங்கி தன் பதிவைச் சரியென உறுதி செய்துள்ளது.
புகார் முடிக்கப்பட்டது.

கேட்டது யாரை?
எழுதியவரைத்தான்.

ரசீதைத் தேடினேன். பெல்சியா
ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.
எடுத்தால் வெள்ளைத் தாள்,
விளிம்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு ஏழு.
தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.
"இந்த உப்புக் காத்துக்கு எந்த மை நிக்கும்?
அன்னைக்கே போட்டோ புடிச்சு வச்சிட்டேன்"
என்று போனை நீட்டினாள்,
அடுப்பைப் பார்த்தபடியே.

மறுபடி அனுப்பினேன்.
ரசீதின் படம். பாஸ்புக்கின் பக்கம்.
எதற்கும் இருக்கட்டுமென்று
ஊர்காவற்துறை நீதிமன்றம் விடுவித்த தாளும்.
சிங்களத்தில் இருக்கிறது, என்ன எழுதியிருக்கிறதோ,
என் பெயர் எந்த இடத்தில் வருகிறதோ
எனக்கும் தெரியாது.
வட்டமான எழுத்துகள்,
நண்டு நடந்த ஈர மணல் மாதிரி.

மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள்.
வேண்டாம், அது என் மூன்று கட்டத்துக்கு,
நாலாவதுக்கு ரசீதைப் பாருங்கள் என்றேன்.
இதைச் சொல்லவே நான்கு கடிதம்.
இடையில் தடைக்காலம் வந்து, போயும்விட்டது.

நேற்று மேலாளர் மறுபடி திரையைத் திருப்பினார்.
முப்பது, அறுபது, தொண்ணூறு அப்படியே.
நாலாவது கட்டத்தில்
மூன்று பெருக்கல் குறி,
அறுந்த வலையில் மிஞ்சிய கண்ணி போல.

"இதுக்கு என்ன அர்த்தம்?"
"அந்த மாசம் உங்களைப் பத்தித் தகவல் இல்லைன்னு."

சிறைக்குள் கிடந்த மாதங்களில்
உயிரோடு இருக்கிறேனா என்று
பெல்சியாவுக்கே தகவல் இல்லை.
அவற்றுக்கெல்லாம் எண் இருக்கிறது.
வேட்டி கட்டி, தலை சீவி,
பணத்தோடு உங்கள் முன்னால் வந்து நின்ற மாதத்துக்கு

"போதுமாண்ணே? இத வச்சு லோன் பாக்கலாம்"
என்றார் மேலாளர்.

படிவத்தை வாங்கிக்கொண்டேன்.
முதல் கேள்வி: பெயர்.
கட்டத்துக்கு ஒரு எழுத்து.